தூக்குக்குண்டின் கணிதம்

மேற்கு மாம்பலத்தின் தெருக்களில் காலை வேளையில் நடந்தால், எங்காவது ஒரு பழைய வீடு இடிபட்டுக்கொண்டிருக்கும். இரண்டு மனை தள்ளி ஒரு அடுக்ககம் எழும்பிக்கொண்டிருக்கும். சாரத்தின் மேல் நிற்கும் கொத்தனார் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுக்கிறார். அதன் நூல் ஒரு சிறிய கட்டையின் நடுத்துளை வழியே ஓடுகிறது. கட்டையின் அகலமும் குண்டின் விட்டமும் ஒரே அளவு. கட்டையைச் சுவரின் மேற்பகுதியில் ஒட்டிப் பிடித்துக் குண்டைக் கீழே இறக்குகிறார். ஆட்டம் அடங்கும்வரை காத்திருக்கிறார். குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நின்றால் வேலை சரி. இடைவெளி விட்டு நின்றால் சுவரின் தலை வெளியே தள்ளியிருக்கிறது. சுவரில் இடித்துச் சாய்ந்து கிடந்தால் தலை உள்ளே போயிருக்கிறது.

அரை நிமிட வேலைதான். ஆனால் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் மாணவர்கள் அஞ்சி ஒதுங்கும் ஒரு பாடத்தின் சாரம் முழுவதும் அதில் இருக்கிறது. முப்பரிமாண வெளியில் ஒரு கோடு, ஒரு தளம், இரண்டுக்கும் இடையிலான உறவு. கட்டையின் பாதி அகலமும் குண்டின் பாதி விட்டமும் சமம் என்பதால், நூல் மேலேயும் கீழேயும் சுவரிலிருந்து ஒரே தூரத்தில் நிற்கிறது. ஒரு கோட்டின் இரண்டு புள்ளிகள் ஒரு தளத்துக்கு ஒரே பக்கத்தில், ஒரே தூரத்தில் இருந்தால் அந்தக் கோடு தளத்துக்கு இணை. கொத்தனார் சரிபார்ப்பது இதைத்தான்.

தமிழ் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த மொழி. கணிதப் புத்தகத்தில் பரப்பைக் குறிக்கும் 'தளம்' என்ற சொல்லைத்தான் மேஸ்திரியும் 'நாளைக்குத் தளம் போடுறோம்' என்று கான்கிரீட் கூரைக்குச் சொல்கிறார். கொத்தனாரின் கயிறும் நாம் படிக்கும் புத்தகமும் 'நூல்' என்ற ஒரே பெயரில் வழங்குகின்றன. மரத்தின் கோணலை நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலைப் புத்தகம் தீர்க்கும் என்று இந்த ஒற்றுமையை நன்னூலில் பவணந்தி முனிவர் விளக்கியிருக்கிறார். நூலை இன்னும் நேராகப் பிடித்தவர்கள் அவருக்கும் முன்னால் இருந்தார்கள். அரண்மனைக்கு மனை வகுக்கும் காட்சி நெடுநல்வாடையில் வருகிறது. இரண்டு கோல்களை நட்டு, நிழல் எந்தப் பக்கமும் சாயாத நண்பகலைப் பார்த்துத் திசை கண்டு, அதன்பின் கயிறு பிடிக்கிறார்கள். அந்த நிழலற்ற நண்பகல் சென்னைக்கும் ஆண்டில் இரண்டு முறை வருகிறது, ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும். அப்போது சூரியக் கதிரும் தூக்குக்குண்டின் நூலும் ஒரே திசையில் நிற்கும்.

திசை என்பதுதான் இந்தக் கணிதத்தின் முதல் சொல். அளவு மட்டும் இருந்தால் போதாது, எந்தப் பக்கம் என்பதும் தெரிய வேண்டும் என்ற இடத்தில் வெக்டர் பிறக்கிறது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது. அதன் நீளம் 570 மீட்டர். ஆனால் தெருக்களை ஒட்டி அது வளைந்து திரும்பிப் போவதால், கிளம்பிய இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்குக் காக்கை பறக்கும் தூரம் 570 மீட்டருக்குக் குறைவு. நடந்த தூரம் வெறும் எண். கிளம்பிய இடத்திலிருந்து சேர்ந்த இடத்தை நோக்கி வரையும் அம்பு வெக்டர். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு அம்பு போட்டு, ஒன்றின் தலையில் அடுத்ததன் வாலை வைத்துக்கொண்டே போனால் முதல் வாலிலிருந்து கடைசித் தலை வரை நீளும் அம்புதான் அவற்றின் கூட்டல். எந்த வரிசையில் கூட்டினாலும் விடை மாறாது.

'வெக்டர்' என்ற லத்தீன் சொல்லுக்குச் சுமந்து செல்பவர் என்று பொருள். அதைக் கணிதத்துக்குக் கொண்டுவந்தவர் அயர்லாந்தின் வில்லியம் ரோவன் ஹாமில்டன். 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் கால்வாய்க் கரையோரம் நடந்துகொண்டிருந்தபோது, வெளியில் திசைகளைப் பெருக்குவதற்கான விதி அவருக்குப் பிடிபட்டது. இன்று பள்ளியில் படிக்கும் எளிய வடிவத்தை அமெரிக்காவின் கிப்ஸும் இங்கிலாந்தின் ஹெவிசைடும் அந்த நூற்றாண்டின் இறுதியில் செதுக்கினார்கள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வெக்டருக்கு வழங்கும் பெயர் 'காவி'. காவுதல் என்றால் சுமத்தல். லத்தீன் சொல்லின் பொருளை இவ்வளவு சுருக்கமாகப் பிடித்த மொழிபெயர்ப்பு அரிது.

ஒரு நேர்கோட்டைச் சொல்ல இரண்டே செய்திகள் போதும். அது எந்தப் புள்ளி வழியாகப் போகிறது, எந்தத் திசையில் போகிறது. மாம்பலம் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நின்று கீழே பார்த்தால் தண்டவாளம் ஏறத்தாழ வடக்கு தெற்காக ஓடுகிறது. தண்டவாளத்துக்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பி. பார்வைக்குக் கம்பியும் தண்டவாளமும் இணையாகத் தோன்றும். உண்மையில் அவை இணை அல்ல. நேரான பாதையில் கம்பி ஒரு தூணில் நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் சுமார் 200 மில்லிமீட்டர் தள்ளியும், அடுத்த தூணில் வலப்பக்கம் அதே அளவு தள்ளியும் கட்டப்பட்டிருக்கும். தூண்களுக்கு இடையே 60 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 60 மீட்டர் முன்னே போவதற்குள் கம்பி 40 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்கிறது. கோணம் அரைப் பாகைக்கும் குறைவு. இந்தச் சிறு விலகல் இல்லாவிட்டால், ரயிலின் கூரையில் கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் கரிப்பட்டை ஒரே இடத்தில் தேய்ந்து பள்ளம் விழுந்துவிடும். விலகல் இருப்பதால் தேய்மானம் பட்டை முழுவதும் பரவுகிறது.

அதே நடைமேம்பாலம் இன்னொரு பாடத்தையும் சுமந்து நிற்கிறது. தாளில் வரைந்த இரண்டு நேர்கோடுகள் ஒன்று வெட்டிக்கொள்ளும், அல்லது இணையாக இருக்கும். வேறு வழி இல்லை. முப்பரிமாண வெளியில் மூன்றாவது வழி உண்டு. பாலம் கிழக்கு மேற்காகப் போகிறது. தண்டவாளம் வடக்கு தெற்காகப் போகிறது. இரண்டும் இணை அல்ல. ஆனால் எவ்வளவு தூரம் நீட்டினாலும் ஒன்றை ஒன்று தொடாது. ஒரே தளத்தில் இரண்டையும் அடக்கவும் முடியாது. பாடநூல் இவற்றை 'ஒரு தளம் அமையாக் கோடுகள்' என்று அழைக்கிறது. இந்த மூன்றாவது வழி இருப்பதால்தான் மேற்கு மாம்பலத்துக்காரர் ரயில் வரும் நேரத்திலும் மறுபக்கம் போக முடிகிறது.

இப்படிப்பட்ட இரண்டு கோடுகளுக்கு இடையே மிகக் குறைந்த தூரம் எது? இரண்டுக்கும் ஒருசேரச் செங்குத்தாக நிற்கும் திசையில் அளந்தால் கிடைப்பது. அந்தத் திசையைக் கண்டுபிடித்துத் தரும் கருவிதான் குறுக்குப் பெருக்கல். கிழக்கு, வடக்கு, மேலே என்ற வரிசையில் எண்களை எழுதுவோம். பாலத்தின் திசை (1, 0, 0), தண்டவாளத்தின் திசை (0, 1, 0). குறுக்குப் பெருக்கல் தரும் விடை (0, 0, 1). அதாவது நேர் மேலே. பாலத்தைக் கொஞ்சம் சாய்த்து (3, 1, 0) என்ற திசையில் கட்டியிருந்தாலும் விடை (0, 0, 3). நீளம் மாறியது, திசை அதே மேல்திசைதான். தண்டவாளத்துக்கு மேல் பாலம் 7 மீட்டர் உயரத்தில் நின்றால், பாலம் எந்தக் கோணத்தில் கடந்தாலும் குறைந்தபட்சத் தூரம் அதே 7 மீட்டர். எவ்வளவு உயரமான வண்டி கீழே போகலாம் என்று முடிவு செய்யும் பொறியாளர் பாலத்தின் சாய்கோணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி தளம். கட்டுமான இடத்துக்கே திரும்பலாம். தரை மட்டம் குறிக்க நீளமான ஒரு கண்ணாடிக் குழாயில், அதாவது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூபில், தண்ணீர் நிரப்பி இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடிக்கிறார்கள்.

"தம்பி, கொஞ்சம் தூக்கிப் பிடி. போதும், ஆட்டாத."

"தண்ணி நின்னுடுச்சுண்ணே. கோடு போட்டுரட்டுமா?"

சுவரில் பென்சில் கோடு விழுகிறது. அடுத்த மூலை, அதற்கடுத்த மூலை. மூன்று மூலைகளில் குறி விழுந்ததும் தளம் நிச்சயமாகிவிட்டது. ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் வழியாக ஒரே ஒரு தளம்தான் போக முடியும். நான்காவது மூலையின் குறி புதிதாக எதையும் தீர்மானிப்பதில்லை. முதல் மூன்றும் பிழையில்லை என்பதற்கு அது சாட்சி. மேடு பள்ளமான திண்ணையிலும் முக்காலி ஆடாமல் நிற்பதற்கும், நாற்காலியின் ஒரு காலுக்கு அட்டை மடித்து வைக்க வேண்டியிருப்பதற்கும் காரணம் இதுதான். நில அளவைக் கருவிகள் பலவும் மூன்று காலில் நிற்பதும் இதனால்தான்.

மூன்று புள்ளிகளைவிடச் சிக்கனமான வழி ஒன்று உண்டு. ஒரு புள்ளியும், தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும் ஒரே ஒரு அம்பும் போதும். ஒரு தளத்தில் வரையக்கூடிய கோடுகளுக்கு முடிவே இல்லை; அவற்றின் திசைகளும் எண்ணிலடங்காதவை. ஆனால் அத்தனைக்கும் செங்குத்தான திசை ஒன்றே ஒன்று. ஆகவே தளத்தை அடையாளம் காட்ட அதன் மேல் கிடக்கும் கோடுகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அதிலிருந்து நிமிர்ந்து நிற்கும் அந்த ஒரு கோட்டைப் பிடித்தால் போதும். மட்டமான தரைக்கு அந்தக் கோடு தூக்குக்குண்டின் நூல். நேரான சுவருக்கு அது நூலுக்குச் செங்குத்தாகப் படுத்திருக்கும் ஓர் அம்பு.

குளியலறைத் தரை மட்டமாக இருக்கக் கூடாது. தண்ணீர் ஓட 'வாட்டம்' வைக்க வேண்டும். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் என்றால், 80 பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு இறக்கம். தரை கிழக்கே இறங்குகிறது என்றால், அதன் மேல் ஓடும் தண்ணீரின் திசை (80, 0, −1). அந்தத் தரைக்குச் செங்குத்தான அம்பு (1, 0, 80). இரண்டும் செங்குத்துதானா என்று பார்க்கப் புள்ளிப் பெருக்கல் இருக்கிறது. ஒத்த இடத்து எண்களைப் பெருக்கிக் கூட்ட வேண்டும். 80 பெருக்கல் 1, கூட்டல் 0 பெருக்கல் 0, கூட்டல் −1 பெருக்கல் 80. விடை சுழியம். சுழியம் வந்தால் செங்குத்து. செங்குத்து அம்பு ஒரு பாகைகூடச் சாயவில்லை, முக்கால் பாகைக்கும் குறைவான சாய்வுதான். அந்தச் சாய்வு எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டால் தண்ணீர் வடிகால் ஜாலிக்குப் போகாமல் கதவடியில் தேங்கும்.

மனை முக்குக் குறிக்கும்போது கொத்தனார் செய்வதும் புள்ளிப் பெருக்கல்தான். ஒரு பக்கம் மூன்றடி, இன்னொரு பக்கம் நான்கடி, குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை மட்டம். 9 கூட்டல் 16, 25 ஆகிவிடுவதால் இரண்டு பக்கங்களின் புள்ளிப் பெருக்கலுக்குச் சுழியத்தைத் தவிர வேறு வழியில்லை. குறுக்கு அளவு ஐந்தடிக்குப் பதில் ஐந்தடி ஓர் அங்குலம் வந்தால் என்ன ஆகும்? மூலை 90 பாகைக்குப் பதில் 92 பாகை ஆகிவிடும். 20 அடி நீளச் சுவரின் மறுமுனை 8 அங்குலத்துக்கும் மேலாக விலகிவிடும். வீடு கட்டி முடித்து டைல்ஸ் பதிக்கும் நாளில்தான் அந்த விலகல் கண்ணில் படும். சுவரோரம் ஆப்பு ஆப்பாக வெட்டிய டைல்ஸ் துண்டுகள் அதைக் காட்டிக்கொடுக்கும்.

புள்ளிப் பெருக்கலுக்கு இன்னொரு பயன், ஒரு அம்பின் நிழலை இன்னொரு திசையில் அளப்பது. அதன் மிகப் பெரிய உதாரணங்களில் ஒன்று மேற்கு மாம்பலத்துக்குத் தென்மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் நடந்தது. 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் ஒரு அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல், ஏறக்குறைய 12 கிலோமீட்டர். கருவி, 100 அடி நீள எஃகுச் சங்கிலி. அதை ஏறக்குறைய 400 முறை முன்னே முன்னே வைத்து நகர்த்த வேண்டியிருந்தது. நிலமோ மேடும் பள்ளமும். 2 பாகை சாய்வில் கிடக்கும் 100 அடிச் சங்கிலி, கிடைமட்டத்தில் 99.94 அடியைத்தான் கடக்கிறது. முக்கால் அங்குலம்தான் குறைகிறது. ஆனால் 400 சங்கிலியும் அப்படிச் சாய்ந்து கிடந்திருந்தால் மொத்தப் பிழை 24 அடி. அதனால் ஒவ்வொரு சாய்வையும் அளந்து, சங்கிலியின் கிடைமட்ட நிழலை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கி, இமயம் வரை நாட்டை அளந்தார்கள். எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணித்த மாபெரும் முக்கோண அளவைக்கு வேர் பரங்கிமலையில் இருக்கிறது.

இரண்டு தளங்கள் சந்தித்தால் என்ன கிடைக்கும்? ஒரு கோடு. மேற்கு மாம்பலத்தில் இன்னும் மிச்சமிருக்கும் ஓட்டு வீடுகளின் முகடு அதற்குச் சாட்சி. இரண்டு சரிவுகள் சந்திக்கும் இடம் புள்ளியாக இல்லை, மேடு பள்ளமாகவும் இல்லை, நூல் பிடித்தாற்போல் நேர்கோடாக ஓடுகிறது. அறையின் இரண்டு சுவர்கள் சந்திக்கும் மூலைக்கோடும் அப்படித்தான். சுவர்களின் செங்குத்து அம்புகள் இரண்டையும் குறுக்குப் பெருக்கல் செய்தால் அந்த மூலைக்கோட்டின் திசை கிடைக்கும். இரண்டு சுவர்களும் தூக்குக்குண்டுக்குச் சரியாக இருந்தால், மூலையைத் தனியாகச் சரிபார்க்க வேண்டியதே இல்லை. அது தானாகவே நேராக நிற்கும்.

மூன்றாவது தளமாகத் தரையும் சேர்ந்தால் ஒரே ஒரு புள்ளி மிஞ்சும். பெருக்கும்போது துடைப்பம் எட்டாமல் தூசி தங்கும் அந்த முக்குதான், தளத்துக்கு ஒன்றாக எழுதும் மூன்று சமன்பாடுகளின் ஒற்றைத் தீர்வு. மூன்று தளங்கள் எப்போதும் ஒரு புள்ளியில் சந்திக்கும் என்பதும் இல்லை. விரித்த புத்தகத்தின் மூன்று பக்கங்கள் முதுகுக் கோட்டில் சந்திக்கின்றன. அங்கே தீர்வுகள் எண்ணற்றவை. ஓட்டுக் கூரையின் இரண்டு சரிவுகளும் கீழே பரப்பிய மரத்தட்டும் இரண்டிரண்டாகச் சந்திக்கின்றன, ஆனால் மூன்றுக்கும் பொதுவான புள்ளி எங்குமே இல்லை. அங்கே தீர்வே கிடையாது. பாடநூலில் அட்டவணையாக மனப்பாடம் செய்யும் வகைகளெல்லாம் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன.

இவ்வளவும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. தூக்குக்குண்டுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணை என்பது அந்த நம்பிக்கை. வீட்டளவில் அது சரி. பூமி உருண்டை என்பதால், 30 மீட்டர் இடைவெளியில் தொங்கும் இரண்டு நூல்கள் ஒரு விகலை கோணம் விலகுகின்றன. ஒரு பாகையை 3,600 கூறு போட்டால் அதில் ஒரு கூறு. எந்தக் கொத்தனாரும் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. ஆனால் லாம்டனின் அடிக்கோட்டில் நிலைமை வேறு. ஒரு முனையில் பூமியைத் தொட்டு ஒரு தட்டையான தளத்தை நீட்டினால், 12 கிலோமீட்டர் தாண்டி மறுமுனையில் அது தரைக்கு மேல் 11 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் மிதக்கும். மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம் அது.

இதைவிடப் பெரிய வியப்பு வடக்கே காத்திருந்தது. லாம்டனுக்குப் பின் அந்தப் பணியைத் தொடர்ந்த ஜார்ஜ் எவரெஸ்டின் அளவையில், மத்திய இந்தியாவின் கல்யாண்பூருக்கும் வடக்கே கலியானாவுக்கும் இடைப்பட்ட தூரம் முக்கோணங்களால் ஒன்றாகவும் விண்மீன்களால் இன்னொன்றாகவும் வந்தது. வித்தியாசம் 5.24 விகலை, தரையில் சுமார் 160 மீட்டர். விண்மீன் அளவைக்கு ஆதாரம் தூக்குக்குண்டு. இமயமலையின் பெரும் எடை குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார் கல்கத்தாவில் இருந்த பாதிரியார் ஜான் பிராட். 1855ல் வந்த அவருடைய விடை புதிய புதிரைப் போட்டது. இமயத்தின் எடைக்குக் குண்டு, உண்மையில் சாய்ந்ததைப்போல் சுமார் மூன்று மடங்கு சாய்ந்திருக்க வேண்டும். ஏன் சாயவில்லை? அதே ஆண்டு இங்கிலாந்தின் வானியலாளர் ஜார்ஜ் ஏரி ஒரு விளக்கம் தந்தார். மலைக்கு அடியில் எடை குறைந்த பாறை வேர்போல் ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது, கடலில் மிதக்கும் பனிப்பாறையின் அடிப்பகுதி மாதிரி. மலைகள் மிதக்கின்றன என்ற அறிவு, நூலில் தொங்கிய ஒரு குண்டு போதுமான அளவு சாயாததிலிருந்து பிறந்தது.

தமிழ்நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் பல்லாயிரம் பிள்ளைகள் 'வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள்' என்ற பாடத்தைப் படிக்கிறார்கள். அதில் பலர் தளத்தின் சமன்பாட்டைத் தேர்வுக்கு எழுதிவிட்டு, தாங்கள் உட்கார்ந்திருக்கும் தரைக்கும் அதற்கும் உறவு உண்டு என்பதை அறியாமலே வெளியேறுகிறார்கள். கணித ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பாடத்தைத் தொடங்கும் நாளில் ஒரு நூலும் ஒரு பூட்டும் கொண்டுபோங்கள். நூலில் பூட்டைக் கட்டி, வகுப்பறையின் நான்கு சுவர்களையும் மாணவர்களையே சரிபார்க்கச் சொல்லுங்கள். எந்தச் சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, அதன் செங்குத்து அம்பு எது, இரண்டு சுவர்கள் சந்திக்கும் மூலைக்கோடு எந்தத் திசையில் போகிறது என்று அவர்களே அளந்து எழுதட்டும். பள்ளிக்குப் பக்கத்தில் வீடு கட்டும் வேலை நடந்தால் அங்கிருக்கும் கொத்தனாரை ஒரு மணி நேரம் வகுப்புக்கு அழைத்து, டியூபில் மட்டம் பார்ப்பதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.